வெளி பிளக்குக்குப் போற லைன்

அமுக்குங்க தம்பி, தாராளமா அமுக்குங்க. லைட்டு போனா போகட்டும். ஃப்ரிட்ஜைக் காலி பண்ணி நேத்தே எடுத்துட்டாங்க, டி.வி.யை மக கொண்டு போயிட்டா. இந்த வீட்ல இப்ப கரண்டுக்கு வேலையே கெடையாது. வீட்டை விக்கிறதுக்கு நீங்க டெஸ்ட் பண்ணி சர்ட்டிஃபிகேட் எழுதணும்ல, அதுக்குத் தான் இருக்குது.

ம். விழுந்துடுச்சு. டப்புனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

மிஷின்ல எவ்ளோ காட்டுது? இருபத்தி ரெண்டு மில்லி ஆம்ப்பா. முப்பதுக்கு உள்ளயே விழுந்துடுச்சு, அப்ப நல்ல சுவிட்ச் தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? என் வீட்டுக்காரரு சுரங்கத்துல எலக்ட்ரீசியன் தம்பி. இருபத்தியேழு வருசம். மொலேஃபின்னு பேரு. உங்க வயசுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க பள்ளிக்கூடம் முடிக்கிறப்பவே இந்த வெல்கம் ஊர்ல பாதி சுரங்கத்தை மூடிட்டாங்களே. நானும் அங்கதான், விளக்கு ரூம்ல. கீழ எறங்குற ஆளுக்கெல்லாம் தலை விளக்கு எடுத்துக் குடுக்குற வேலை. அங்க வச்சுத்தான் எங்க ரெண்டு பேருக்கும் பழக்கம்.

இந்த சுவிட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு அவரு எனக்குச் சொன்னதே விளக்கு ரூமை வச்சுத்தான். காலைல நீ நானூறு விளக்கு குடுக்குற, ஷிஃப்ட் முடிஞ்சு முந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது திரும்பி வருது, என்ன பண்ணுவன்னாரு. எவனோ ஒருத்தன் கீழ மாட்டிக்கிட்டான்னு மணி அடிப்பேன்னேன். இந்த டப்பாவும் அதத்தான் பண்ணுதுன்னாரு. ஒரு ஒயர்ல போற கரண்டு முழுசும் இன்னொரு ஒயர்ல திரும்பி வரணுமாம். துளி கொறஞ்சாலும் அது வேற வழியில மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தமாம். ஈரச் சுவரு வழியா போகலாம், ஒரு மனுசன் ஒடம்பு வழியாவும் போகலாம். இது என்ன ஏதுன்னு கேட்டுட்டு நிக்காது, கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள நிறுத்திடும். ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தும், இது ஆளைக் காப்பாத்தும்பாரு.

ஆமா, எல்லாத்துலருந்தும் காப்பாத்தாது. அதுவும் சொல்லிருக்காரு. ரெண்டு கையில ரெண்டு ஒயரையும் புடிச்சா, போனது அப்படியே திரும்பி வந்துடுதுல்ல, இதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்புறம் இதைத் தாண்டி வெளிய போற லைன்ல என்ன நடந்தாலும் இதுக்குத் தெரியாது. இது வழியா போனாத்தானே இதுக்குத் தெரியும்.

என் மக லினேயோ இதால பொழச்சவ. ஒம்பது வயசு அப்ப. குளிச்சுட்டு ஈரக் கையோட வந்து வாஷிங் மிஷினைத் தொட்டா. உள்ள ஒயர் தேஞ்சு பாடியில பட்டுட்டு இருந்திருக்கு, பிளக்குல எர்த் பின்னும் ஒடஞ்சு கெடந்துச்சு. டப்புனு வீடே இருண்டு போச்சு. ஓடிப்போயிப் பாத்தா புள்ள கைய உதறிட்டு நின்னு அழுவுறா. ஏதோ கடிச்சுடுச்சும்மாங்குறா. அவ்ளோதான் ஆச்சு அவளுக்கு. அவரு அவளைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு இதே எடத்துல வந்து நின்னு, பாரும்மா, இவருதான் உன் பெரியப்பா, கும்புடு போடுன்னாரு. அன்னிலருந்து இதுக்குப் பெரியப்பான்னு பேரு. அவரு கண்ட நேரத்துலயும் வந்து டெஸ்ட் பட்டனை அமுக்குவாரு. என்னங்க பண்றீங்கன்னா, பெரியப்பா முழிச்சிருக்காரான்னு பாக்குறேன்பாரு. நான் இஸ்திரி போட்டுட்டு இருப்பேன், பாதித் துணியில நின்னு போகும். வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவேன்.

டீ ஆறுது, குடிங்க. அந்தக் கப்போட காதுல விரிசல் இருக்கு, அடியில புடிச்சுக்குங்க. மத்ததெல்லாம் பெட்டியில கட்டியாச்சு.

இது மட்டும் ஏன் புதுசா இருக்குன்னு கேக்குறீங்களா. ஆமா, போர்டு பழசு, இது மாத்துனது. ஆறு வருசம் ஆச்சு. அவரு செத்ததுக்கு அப்புறம் மாத்துனாங்க.

ஆமா, கரண்டு அடிச்சுத்தான். ஆமா, எலக்ட்ரீசியனா இருந்தவருதான். எல்லாரும் இதத்தான் கேப்பாங்க.

பரவால்ல தம்பி, ஒக்காருங்க. எனக்கு அழுகையெல்லாம் வராது, பயப்படாதீங்க. அப்பவும் வரல. சொந்தக்காரங்க அதையும் ஒரு கொறையா சொன்னாங்க. எங்க வழக்கப்படி மெத்தையைத் தரையில போட்டு ஒக்கார வச்சாங்க, வந்தவங்க எல்லாம் அழுதாங்க, நான் செவுத்தைப் பாத்துட்டு இருந்தேன்.

லினேயோ கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாளு அது. நவம்பர் மாசம், உங்களுக்குத் தெரியுமே, பொழுது சாஞ்சா இடியும் மழையும். சனிக்கெழமை கல்யாணம். வியாழக்கெழமையே மாடு அறுத்தாச்சு. கறி வைக்கிறதுக்கு ஒரு குளிர்பெட்டி வண்டியை வாடகைக்குக் கொண்டாந்து பின்னால புல்லுல நிறுத்துனோம். அதோ, சன்னல் வழியா பாருங்க, வெளிச்சுவத்துல ஒரு பிளக்கு இருக்குல்ல, அதுலதான் சொருகுனோம். மொத நாளு ஒழுங்கா ஓடுச்சு. ராத்திரி புடிச்சு ஊத்துன மழையில வண்டிக்குள்ள தண்ணி போயிருக்கும் போல. வெள்ளிக்கெழமை காலைல சுவிட்ச் விழுந்துச்சு. தூக்கி விட்டா திரும்ப விழுது. வீடு நெறைய ஆளு. சமையக்கட்டுல ஆறு பொம்பளைங்க, பாத்ரூம்ல வரிசை, மணப்பொண்ணுக்கு ஒருத்தி தலை பின்னிட்டு இருக்கா, அதுக்கும் ஒரு மிஷினு. ஒவ்வொரு தடவையும் எல்லாம் நின்னு போகுது. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க.

அவரு வந்து ஒவ்வொண்ணா கழட்டிக் கழட்டிப் பாத்தாரு. வண்டியைக் கழட்டுனா சுவிட்ச் நிக்குது, சொருகுனா விழுது. லீக்கு வண்டியில தான், இது சரியாத்தான் சொல்லுதுன்னாரு. அவரு கூடப்பொறந்தவன் மோஹாபி அங்கயே நின்னான். அண்ணே, ரெண்டு நாளைக்கு அதைத் தாண்டி நேரா குடுத்துடலாமே, யாரு பாக்கப் போறாங்கன்னான். அவரு சத்தம் போட்டு நான் அன்னிக்குத்தான் பாத்தேன். வர்ற சின்னப் புள்ளைங்க எல்லாம் அந்த வண்டி மேல கை வைக்கும், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா உங்கப்பனா வந்து பதில் சொல்லுவான்னாரு. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன் தான், அது கூட ஞாபகம் இல்ல. பக்கத்துல நின்ன பொம்பளைங்க சிரிச்சுட்டாங்க. வேற வண்டி கொண்டாரேன்னு மோஹாபியையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

மத்தியானம் வெயிலு அடிச்சது தம்பி, மழைக்கு அப்புறம் அடிக்குற அந்த வெயிலு. ஒரு முழு மாட்டோட கறி. வண்டிக் கதவைத் தெறந்தா உள்ள குளிரு இல்ல, வேற வாசனை வர ஆரம்பிக்குது. மறுநாளு மாப்பிள்ளை வீட்டுலருந்து ரெண்டு பஸ்ஸு வருது.

சாயங்காலம் ரெண்டு பேரும் வெறுங்கையோட வந்தாங்க. சனிக்கெழமை அன்னிக்கு இந்த ஊரு பூரா கல்யாணமும் சாவுமா இருக்கும், எந்த வண்டியும் சும்மா இல்ல. வந்து பாத்தா சுவிட்ச் நிக்குது, வண்டி ஓடுது. என்னாச்சுன்னாரு. வெயிலு அடிச்சுதுல்ல, காஞ்சிருக்கும்னேன். அவரு ஒரு நிமிசம் நின்னு பாத்தாரு. அதுக்குள்ள நாக்காலி வந்து எறங்குச்சு, அவரைக் கூப்பிட்டாங்க, போயிட்டாரு.

கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க எங்க முறைப்படி அவளுக்குப் போர்வை போத்துனாங்க. அவரு ஆடுனாரு. அறுபத்திமூணு வயசு, கால் பெருவெரல்ல வாதம், ஆட வேண்டாங்கன்னா கேக்கல. ஞாயித்துக்கெழமை குளிர்பெட்டி வண்டி போயிடுச்சு. திங்கக்கெழமை பந்தலைப் பிரிச்சாங்க. பின்னால புல்லு பூரா மிதிபட்டு, ஒரு பக்கம் சாஞ்சு, ஒரு பக்கம் முழங்கால் ஒசரம் நின்னுச்சு. அவருக்கு அது கண்ணை உறுத்திட்டே இருந்துச்சு.

புதன்கெழமை காலைல புல்லு வெட்டுற மிஷினை எடுத்தாரு. பனி காயலீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வெட்டுங்கன்னேன். ஒயர்ல ஒரு எடத்துல பிளேடு பட்டு டேப்பு சுத்தி வச்சிருப்பாரு, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். வெரலு வீங்கி இருந்ததால செருப்பும் போடல. பெரியப்பா இருக்காருல்ல, போனா சுவிட்ச் தான போகும்னாரு.

நான் இங்க அடுப்புகிட்ட நின்னேன். கஞ்சி கிண்டிட்டு இருந்தேன்.

கத்துனாரான்னா கேக்குறீங்க? இல்ல. மிஷின் சத்தம் நின்னு நின்னு தான் கேக்கும், திருப்புறப்ப நிறுத்துவாரு. இந்தத் தடவை நிக்காம ஒரே எடத்துலருந்து கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். மெயினை எறக்கிட்டுத்தான் வெளில ஓடுனேன். அது அவரு சொல்லிக் குடுத்தது, மொதல்ல மெயினு, அப்புறம் தான் ஆளுன்னு. நெஞ்சை அமுக்குனேன். பக்கத்து வீட்டு டிரைவரு சுவரேறிக் குதிச்சு வந்து அவரும் அமுக்குனாரு. அவரு தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணாரு.

தொழிலாளர் ஆபீஸ்லருந்து ஒருத்தர் வந்தாரு. உங்கள மாதிரியே ஒரு மிஷின் கொண்டாந்து டெஸ்ட் பண்ணாரு. வெளி பிளக்குல வச்சுப் பாத்தா சுவிட்ச் ஒழுங்கா விழுது. பத்து தடவை பண்ணாரு, பத்து தடவையும் விழுந்துச்சு. அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் விழலன்னு அவருக்கு ஒண்ணும் புரியல. அம்மா, இதுக்கு முன்னாடி ஏதாவது தகராறு பண்ணுச்சான்னு என்னைக் கேட்டாரு. வெள்ளிக்கெழமை சும்மா சும்மா விழுந்துச்சு, அப்புறம் விழலன்னேன். பொய் இல்லையே அது. அவரு அதை அப்படியே எழுதிக்கிட்டாரு. உள்ள எங்கயோ சிக்குது, ஒரு நேரம் வேலை செய்யுது ஒரு நேரம் செய்யல, இந்த மாதிரி சுவிட்சை மூணு மாசம் முன்னாடி எவன் பாஸ் பண்ணான்னு கேட்டாரு.

பாஸ் பண்ணது பகிசோ. பகிசோ ராமகாட்சா. உங்களுக்குத் தெரியாதா? முப்பது வயசு கூட இருக்காது அப்ப. பின்னால அந்த ரூம் கட்டுனப்ப அவன் தான் ஒயரிங் பண்ணி சர்ட்டிஃபிகேட் குடுத்தான். வீட்டுக்காரருக்கு அவனை ரொம்பப் புடிக்கும். நல்ல சுத்தமான கை, ஒயரை வளைக்குறதைப் பாரு, சுரங்கத்துல இருந்திருந்தா என் கூட வச்சிருப்பேன்பாரு.

அவன் லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க. கேஸெல்லாம் போடல, நானும் போட வேணாம்னுட்டேன். அதுக்கே எல்லாரும் என்னைப் பெரிய மனசுன்னு சொன்னாங்க.

அடக்கத்துக்கு வந்தான். கடைசியில தனியா நின்னான். மண்ணு தள்ளுறப்ப எல்லா ஆம்பளைங்களும் மாத்தி மாத்தி மண்வெட்டி வாங்குவாங்கல்ல, அவனும் போயி ஒண்ணை வாங்குனான். மோஹாபி அவன் கையிலருந்து அதைப் புடுங்குனான். புடுங்கி அடுத்தவன்கிட்ட குடுத்தான். பகிசோ கையை அப்படியே வச்சுக்கிட்டு நின்னான், மண்வெட்டி இன்னும் கையில இருக்குற மாதிரி. நான் மூணு அடி தள்ளி நிக்கிறேன்.

இப்ப டாக்ஸி ஸ்டாண்டுல ஆரஞ்சு விக்கிறான். வலைப் பையில கட்டி வச்சிருப்பான். சனிக்கெழமை சனிக்கெழமை போயி வாங்குவேன். மா-லினேயோ எப்படி இருக்கீங்கம்மான்னு கேப்பான். எல்லாருமே என்னை லினேயோ அம்மான்னு அப்படித்தான் கூப்பிடுறது. போறப்ப தனியா ரெண்டு பழம் எடுத்து மேல போடுவான், வேணாம்னா கேக்க மாட்டான். ஒரு நாளு அவனே கேட்டான், அம்மா, நான் அன்னிக்கு எதை விட்டேன்னு இன்னும் எனக்குத் தெரியல, படுத்தா அந்த போர்டு தான் கண்ணு முன்னாடி வருது, ஒவ்வொரு ஒயரா தொட்டுப் பாத்துட்டு வர்றேன், எல்லாம் சரியா இருக்குன்னான். நான் பழத்தைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஆரஞ்சு எனக்கு ஆகாது தம்பி, புளிப்பு நெஞ்செரிச்சல். பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவேன்.

ஒண்ணு கேக்கணும் உங்கள. ஒரு ஆளுக்கு லைசென்ஸ் போச்சுன்னா திரும்ப வாங்க முடியுமா? எழுதிப் போட்டா பாப்பாங்களா? யாரு எழுதணும்? என்ன ஆதாரம்னு கேப்பாங்களா.

ஆதாரம் இருக்கு. நான் தான்.

வெள்ளிக்கெழமை மத்தியானம் வெயிலு அடிச்சதால அந்த வண்டி ஓடல. நான் மாத்தி விட்டேன். வெளி பிளக்குக்குப் போற லைனை மட்டும் இதுலருந்து கழட்டி, மேல மெயின் சுவிட்சுலருந்தே நேரா குடுத்தேன். செவப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு. இருபது வருசம் அவரு பக்கத்துல டார்ச் புடிச்சவ, அது கூடவா தெரியாது. மெயினை எறக்கிட்டுத்தான் பண்ணேன். திரும்பவும் சுவிட்ச் விழுந்துடுச்சு போலன்னு மத்தவங்க பேசிக்கிட்டாங்க. அஞ்சு நிமிசம் கூட ஆகல. ஞாயித்துக்கெழமை வண்டி போனதும் மாத்திடலாம்னு தான் இருந்தேன். அவரு வீட்டை விட்டு நகரல. திங்கக்கெழமையும் நகரல. அவரு முன்னாடி எப்படிப் போர்டைத் தெறக்குறது? செவ்வாக்கெழமை எனக்கே மறந்து போச்சு.

அதோட முடியல. புதன்கெழமை மிஷினைத் தூக்கிட்டு வெளில போறதுக்கு முன்னாடி இங்க வந்து நின்னு பட்டனை அமுக்குனாரு. பனியா இருக்குன்னு நான் சொன்னேன்ல, அதுக்காகத்தான் அமுக்குனாரு. டப்புனு விழுந்துச்சு, கரண்டு அடுப்பு நின்னுச்சு, லைட்டு நின்னுச்சு. சுவிட்ச் நல்ல சுவிட்ச் தான் தம்பி, அது விழாம என்ன பண்ணும்? வெளி பிளக்கு தான் அதுல இல்லையே. பாத்தியா, முழிச்சிருக்காருன்னு சொல்லிட்டுத் தூக்கி விட்டாரு. நான் இங்க, இந்தா, நீங்க ஒக்காந்திருக்குற எடத்துல கரண்டியோட நிக்கிறேன். சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. திட்டுவாரேன்னு நெனச்சேன். மோஹாபியை அத்தனை பேரு முன்னாடி திட்டுனாரே, என்னை என்ன சொல்லுவாரோன்னு. சாயங்காலம் அவரு டாக்டர்கிட்ட காலைக் காட்டப் போவாரு, அப்ப மாத்திக்கலாம்னு நெனச்சுக் கஞ்சியைக் கிண்டுனேன்.

இல்ல, அது யாருக்கும் தெரியாது. தொழிலாளர் ஆபீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? அவரு வர்றப்ப எல்லாம் பழையபடி இருந்துச்சு. டிரைவரு நெஞ்சை அமுக்கிட்டு இருந்தாரு, ஒரு போர்வை எடுத்துட்டு வாங்கம்மான்னாரு. போர்வைக்குத்தான் உள்ள வந்தேன். வந்தவ இங்க நின்னுட்டேன். லினேயோ வருவாளே, அவ கல்யாணத்துக்காகப் பண்ணதுலதான் அப்பா செத்தாருன்னு தெரிஞ்சா அவ அந்தக் கல்யாணத்தை எப்படிக் கட்டிக்கிட்டு இருப்பான்னு ஒண்ணு தோணுச்சு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறது. உண்மையில ஒண்ணும் தோணல. கை தான் பண்ணுச்சு. ரெண்டு ஒயரு, நாலு ஸ்க்ரூ. மூணாவது ஸ்க்ரூ முடுக்குறப்ப ஆம்புலன்ஸ் சத்தம் தெருவுல கேட்டுச்சு. நாலாவதையும் முடுக்கிட்டுத்தான் போர்வையை எடுத்தேன்.

என்ன தம்பி, பேனாவை மூடிட்டீங்க. எழுதுங்க. உங்க ஃபாரத்துல எடம் இல்லன்னா வேற தாளு தர்றேன், நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். போலீஸ் ஸ்டேஷன்ல போயி சத்தியம் பண்ணி முத்திரை குத்தணும்னா அங்கயும் வர்றேன். போன வாரம் நானே போனேன், வரிசையில என் முறை வந்ததும் அடையாள அட்டை தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தனியா போனா அப்படித்தான் சொல்லுவேன்.

மக நாலு மணிக்குக் காரு கொண்டாருவா. வரட்டும். அவளும் படிக்கட்டும்.

மொதல்ல அவன் பேரை எழுதுங்க. ராமகாட்சா. பகிசோ ராமகாட்சா. தப்பில்லாம எழுதணும், இருங்க, நான் எழுத்துக்கூட்டிச் சொல்றேன்.